கொஞ்சம் பிடித்துத் தைத்தேன்

கைப்பிடி இல்லாத நாற்காலியாகப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். என்னைப் பார்த்ததும் இப்படி ஒன்றைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அது எல்லோருக்கும் தோன்றாது. கைப்பிடி வைத்த நாற்காலி என்னை அவ்வளவு சுலபத்தில் விடாது. ஒரு தடவை வங்கியில் என் முறை வந்ததும் எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்தது. இருவருமாக மேலாளர் அறைவரை போனோம். அவர் மரியாதையாக "உட்காருங்கம்மா" என்றார். நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தேன்.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன் என்று நினைக்க வேண்டாம். குண்டாக இருப்பவர்கள் இப்படித்தான். மற்றவர்கள் சிரிக்கும் முன் நாங்களே சிரித்து முடித்துவிடுவோம். என் தங்கை இதில் என்னைவிடக் கெட்டிக்காரி. தெருவில் எங்களுக்கு 'ஜோடி பீரோ' என்று பெயர். அந்தப் பெயரை வைத்த மனிதர் ஒருநாள் மனைவியின் துணியைத் தைக்கக் கொண்டுவந்தார். "அண்ணே, எந்தப் பீரோல வைக்கட்டும்?" என்று கேட்டாள் தங்கை. அதற்குப் பிறகு அவர் மனைவியைத்தான் அனுப்புவார்.

அவளை நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். அவள் பிறக்கும்போது எனக்கு விவரம் தெரிந்த வயது. அம்மா அவளை என் மடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மடியில் விழுந்த பிள்ளையை நான் கீழே இறக்கவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு ஐம்பது ஆகும்வரை நாங்கள் பிரிந்து படுத்ததில்லை. கல்யாணம் என்ற பேச்சு எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போய்விட்டது.

எங்கள் கடை பருமனான பெண்களுக்கு மட்டும் தைக்கும் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வெட்டுவதும் மிஷினில் தைப்பதும் நான். வருகிறவர்களிடம் பேசுவது, பொத்தான் வைப்பது, கைத்தையல் எல்லாம் குட்டி. கடைக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் உள்ளே வந்தாலும், "என்னங்க, இளைச்சுட்டீங்களே" என்று சொல்ல வேண்டும். அளவெடுக்கும்போது நான் டேப்பைப் பார்த்து நிஜ அளவைவிடக் குறைத்துத்தான் உரக்கச் சொல்வேன். குட்டி அதைக் கூட்டி எழுதிக்கொள்வாள். எவ்வளவு கூட்ட வேண்டும் என்று என் குரலை வைத்தே அவளுக்குத் தெரியும். வந்தவர்கள் சந்தோஷமாகப் போவார்கள், துணியும் சரியாக இருக்கும். பொய்யால் யாருக்கும் மூச்சு முட்டியதில்லை.

எங்கள் இருவருக்குள் மட்டும் அந்தப் பொய் கிடையாது. அவளுக்கு நான் அளவெடுப்பேன், எனக்கு அவள் எடுப்பாள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு இருவரும் வயிறு குலுங்கச் சிரிப்போம். தன் அளவைத் தானே எடுக்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. கையைத் தூக்கினால் டேப் சரியும், குனிந்து பார்த்தால் வயிறு மடியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள்.

ஆபரேஷன் யோசனை அவளுடையது. சர்க்கரை ஏறியிருந்தது, முழங்கால் போய்விட்டது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. டாக்டர் வயிற்றைச் சின்னதாக்கிவிடலாம் என்றாராம்.

"அக்கா, நீயும் வா. ரெண்டு பேருமா பண்ணிக்கலாம்" என்றாள்.

"ரெண்டு பேரையும் ஒண்ணா படுக்க வெச்சா டாக்டர் நிக்க எடம் இருக்காதுடி" என்றேன்.

அவள் சிரித்தாள். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்ட ஆரம்பித்துவிட்டேன். பயம்தான். எத்தனையோ துணியை வெட்டியவள், என் தோல் என்றதும் பின்வாங்கிவிட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு வாரம் நீர் ஆகாரம் மட்டும்தான். கல்லீரல் கொழுத்திருக்கும், அது சுருங்கினால்தான் டாக்டருக்குக் கை வைக்க வழி கிடைக்கும் என்றார்கள். குட்டி தனியாகப் பட்டினி கிடக்கக் கூடாது என்று நானும் சேர்ந்துகொண்டேன். சூப், மோர், புரதப் பொடி கலந்த பால். அதைக் குடித்துவிட்டு நான் துணி வைக்கும் அறைக்குப் போய், கம்பளித் துணி உருளைக்குள் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டைத் தின்பேன். குட்டி உண்மையாகவே இருந்தாள். அந்த இரண்டு வாரத்தில் அவள் இளைத்தாள், நான் பெருத்தேன். விரதம் இருந்து பெருத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரியில் மனநிலை பார்க்க ஓர் அம்மாள் வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு உங்களுக்கு யார் துணை என்று குட்டியிடம் கேட்டாள். குட்டி என்னைக் கைகாட்டினாள். அந்த அம்மாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், பார்த்து முடிக்க நேரம் ஆயிற்று. பிறகு, "இப்படிப்பட்டவங்க கூடவே இருந்தா பாதி கவலை இல்ல" என்றாள்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். பை மாதிரி இருக்கும் வயிற்றை நெடுக வெட்டி, ஒடுக்கமான சட்டைக்கை மாதிரி ஆக்குவாராம். எப்படித் தைப்பீர்கள் என்று கேட்டேன். தைப்பதில்லை, ஸ்டேப்ளர் மாதிரி ஒரு கருவியால் பின் அடிப்போம் என்றார். வெளியே சொல்லவில்லை, ஆனால் அன்றே எனக்கு அவர்மேல் மதிப்புப் போய்விட்டது. பின் அடிப்பதை எங்கள் கடையில் வேலை என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் வேலை நன்றாகத்தான் செய்திருந்தார். குட்டி மறுநாளே வராந்தாவில் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் தேக்கரண்டி தேக்கரண்டியாகத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் வேகமாகக் குடித்துவிட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிவாள். முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு மசித்தது, பிறகு பொடியாக நறுக்கியது. ஒரு முட்டையைக் காலையில் ஆரம்பித்து மதியம் முடிப்பாள். வைட்டமின் மாத்திரையைத் தூள் செய்து கொடுத்தேன். தலைமுடி கொட்டியபோது கிண்டல் பண்ணாமல் பொறுக்கி எறிந்தேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள், எல்லோரும் சொல்வார்கள். அவள் வீட்டைவிட்டு வெளியே போக முடியாமல் இருந்தவரை நான் தங்கமான மனுஷி.

பிறகு அவள் வெளியே நடக்க ஆரம்பித்தாள். காலையில் பூங்காவைச் சுற்றி வருவாள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தேன், பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணும் உட்கார்ந்தாள் என்று வந்து சொன்னாள். ஐம்பது வருஷமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான் மட்டும்தான். நான் கேட்டுக்கொண்டே பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தேன்.

ஒருநாள் மதியம் தலைக்கு மேலே சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்கு மாடியில் ஓர் அறை உண்டு. நல்ல ஜன்னல், நல்ல காற்று. எங்கள் முழங்கால்கள் மறுத்த பிறகு அதைப் பூட்டிப் போட்டிருந்தோம். குட்டி அதைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

கீழே வந்து, "அக்கா, இன்னிலேர்ந்து நான் மாடில படுத்துக்கறேன். ஜன்னலத் தெறந்தா என்ன காத்து தெரியுமா" என்றாள்.

"எனக்குத் தெரியுமா" என்றேன்.

"நீயும் ஆபரேஷன் பண்ணிக்கோ. பண்ணிட்டு மேல வா."

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆசையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு ஆகவில்லை. நான் மூன்றாம் படியில் கால் வைத்தால் கைப்பிடிச் சுவர் அழுகிற வீடு அது. அன்று முதல் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு, "குட்டி, தூங்கிட்டியா" என்று கேட்பேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் திரும்பி வந்து படுத்துக்கொள்வேன். கட்டில் ரொம்பப் பெரிதாகிவிட்டது. என்னை வைத்துக்கொண்டு ஒரு கட்டில் பெரிதாகத் தெரிகிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அவளுடைய நீலக் கவுன் தொளதொள என்று தொங்கியது. தையற்காரி கண்ணுக்கு அது பொறுக்காது. அவள் பூங்காவுக்குப் போயிருந்தபோது இரண்டு பக்கத் தையலையும் கொஞ்சம் பிடித்துத் தைத்தேன். பிடித்துத் தைப்பது என்றால் துணியை உள்பக்கம் மடித்துப் புதுத் தையல் போடுவது. இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டினேன். சொல்லிக் கொடுக்கலாம், சந்தோஷப்படுவாள் என்றுதான் இருந்தேன்.

அவள் குளித்துவிட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். இடுப்பைத் தடவிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"அக்கா, போன மாசம் இது லூசா இருந்துச்சு. மறுபடி சதை போட்டுட்டேனா?"

சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. எனக்கும் தெரியும். வாயைத் திறந்தேன். "துணி சுருங்கியிருக்கும்" என்று வந்தது. சமாதானமாகத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் கடையில் கவுன் சின்னதாகிவிட்டது என்று அழுகிறவர்களிடம் நாங்கள் காலங்காலமாகச் சொல்கிற சமாதானம் அது. அவளுக்குத் தெரியாதா. அன்று ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாமென்று தள்ளிவிட்டு, என் கட்டிலில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். மாடிக்குப் போகவே இல்லை.

அதற்குப் பிறகு தொடர்ந்து தைத்தேன். அவள் இளைக்க இளைக்க நான் பிடித்தேன். அவளிடம் இருந்த துணியெல்லாம் நான் தைத்ததுதானே. ஒரு கவுனும் ஒரு கால்சட்டையும் அவள் உடம்பைவிட்டு விலகி நிற்காதபடி பார்த்துக்கொண்டேன். பழைய தையலைப் பிரித்து, ஊசி போன ஓட்டைகூடத் தெரியாமல் நீவிவிட்டு, புதுசாகப் போட்டேன். என் வேலையில் நான் தற்பெருமை பேசுகிறவள் இல்லை. ஆனால் அந்த வேலை நன்றாக இருந்தது.

உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது. எடை பார்க்கும் மிஷின் இல்லையா? இல்லை. ஆஸ்பத்திரியில் டயட் சொல்லும் பெண்தான் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். தினம் ஏறிப் பார்த்து மனசு உடைவார்களாம், துணி லூசாவதை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று அவளே சொன்னாள். கண்ணாடி? கண்ணாடியில் இவர்களுக்கு வெகுநாள்வரை பழைய உருவம்தான் தெரியும் என்றும் அவள்தான் சொன்னாள். குட்டி தொங்கும் தோலைப் பிடித்து இழுத்து, இதெல்லாம் கொழுப்பு என்பாள். கடைக்கு வந்தவர்கள் சொல்லவில்லையா? எல்லோரும்தான் சொன்னார்கள், என்னங்க இப்படி இளைச்சுட்டீங்க என்று. குட்டி சிரித்துக்கொண்டே என்னைப் பார்ப்பாள். நாங்கள் அவர்களுக்கு விற்ற சரக்கை அவர்கள் எங்களுக்கே திருப்பித் தருவதாக அவள் நினைப்பு.

ஒருநாள் டேப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நீ சொல்லு அக்கா. நீ மட்டும்தான் நிஜம் சொல்லுவே" என்றாள். கையை விரித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் நின்று டேப்பைச் சுற்றினேன். ஒரு சுற்றுச் சுற்றியது போக மிச்சம் என் கையில் தொங்கியது. அவளுடைய விலா எலும்பு என் விரலில் தட்டியது. ஊருக்கெல்லாம் குறைத்துச் சொல்லியே பழகிய வாய், கூட்டிச் சொல்லத் தடுமாறும் என்றுதான் நினைத்தேன். தடுமாறவில்லை.

அவள் கண்ணைத் திறக்காமல், "பரவால்ல. நான்தான் வாயக் கட்டல" என்றாள்.

அப்புறம் அவள் சாப்பாட்டை இன்னும் குறைத்தாள். அரை முட்டை, பிறகு அதுவும் இல்லை. வாந்தி அடிக்கடி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வரச் சொல்லிப் போன் வரும். கடைப் போனை நான்தான் எடுப்பேன். நன்றாக இருக்கிறாள், வெளியூரில் இருக்கிறாள், அடுத்த மாதம் கண்டிப்பாக வருவாள் என்பேன். டயட் சொல்லும் பெண் என்னை நம்பினாள். குண்டான பெண்கள் நல்லவர்கள் என்று பொதுவாக ஓர் அபிப்பிராயம் இருக்கிறது.

மாத்திரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். அந்த வைட்டமின் மாத்திரையை நிறுத்தியது அவள்தான். நான் நிறுத்தச் சொல்லவில்லை. "சில பேருக்கு அதுவே ஒடம்ப ஊத வெக்கும்னு சொல்றாங்க" என்று மட்டும் சொன்னேன். யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் படியில் ஏறும்போது தடுமாறினாள். கால் மரத்துப் போகிறது, எதிரில் இருப்பது இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றாள். "ரெண்டு அக்கா தெரியறே" என்றாள். "ஒண்ணுக்கே வீட்ல எடமில்ல" என்றேன். சிரித்தோம். அன்று அவளுடைய படுக்கையை மாடியிலிருந்து கீழே கொண்டுவரப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். என் கட்டிலோடு சேர்த்துப் போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். எனக்கும் அன்றுதான் நல்ல தூக்கம் வந்தது.

டாக்டரிடம் போயிருக்க வேண்டாமா என்கிறீர்கள். போயிருந்தால் எடை பார்ப்பார்களே.

அப்புறம் மறதி. அடுப்பில் பால் வைத்தது, பல் தேய்த்தது, எதுவும் நிற்கவில்லை. காலையில் சாப்பிட்டேனா என்று கேட்பாள். சாப்பிட்டாய் என்பேன். சில நாள் சாப்பிட்டிருப்பாள். கவுனைப் போட்டுவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்பேன். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்பாள். கடைசி முறை பிடித்தபோது மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை அதற்கு மேல் தூக்கவே முடியவில்லை, உள்ளே அவ்வளவு துணி மடிந்திருந்தது. மிச்சத் துணியை ஒருமுறைகூட நான் வெட்டவில்லை. அவள் மறுபடி பழைய அளவுக்கு வந்தால் பிரித்துவிட வேண்டுமே. வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

வெட்டியிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். குளியலறையில் விழுந்தவளை ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் நர்ஸ் கவுனைக் கத்தரியால் பக்கவாட்டில் வெட்டினாள். உள்ளே மடிந்து கிடந்த துணி இரண்டு பக்கமும் பிரிந்து, கட்டிலைத் தாண்டித் தரைவரை இறங்கியது. நர்ஸ் கத்தரியோடு அப்படியே நின்றுவிட்டாள். வயிற்றைச் சின்னதாக்கிய அதே டாக்டர் வந்து பார்த்தார். மடிப்பின் ஓரமாகப் போன தையலை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இதை யார் தைச்சது?" என்று கேட்டார்.

"நான்தான். பின் அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது" என்றேன்.

அந்தச் சமயத்தில் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். அவர்தான் உங்களுக்குப் புகார் கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

மூளையில் ஒரு பகுதி வைட்டமின் இல்லாமல் பட்டினி கிடந்து செத்துவிட்டது என்று விளக்கினார். இனிமேல் கொடுத்தாலும் முழுசாகத் திரும்பாதாம். குட்டி உயிரோடு இருக்கிறாள். ஆபரேஷன் செய்துகொண்டதே அவளுக்கு ஞாபகம் இல்லை. போனால் கட்டிலில் நகர்ந்து படுத்து, "உக்காரு அக்கா, எடமிருக்கு" என்கிறாள். நிறைய இடம் இருக்கிறது, அவள் அந்தக் கட்டிலில் ஓர் ஓரமாகத்தான் இருக்கிறாள். நடக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஊட்டிவிட வேண்டும். எப்போது நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது, ஊட்டுகிறவள்தான் முகத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். நேற்று நர்ஸ் ஊட்டியபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் திறக்கச் சொன்னதும் திறந்தாள்.

ஆகவே நான் செய்ததை ஒப்புக்கொள்கிறேன். துணியைப் பிடித்தது நான். அளவைக் கூட்டிச் சொன்னது நான். போனில் பொய் சொன்னதும் மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் நான்தான். ஆனால் அவள்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை, ஒரு வேளைச் சோற்றைத் தடுத்ததில்லை. நான் தொட்டதெல்லாம் துணியைத்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அவளை ஏதோ ஒரு காப்பகத்துக்கு அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். உங்களிடம் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான், அதைச் செய்ய வேண்டாம். அங்கே யாருக்கு அவளைத் தெரியும்? ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? நான் இல்லாமல் அவளால் ஒரு பொழுதுகூடத் தள்ள முடியாது. அதற்காகத்தானே இத்தனை நாள் உட்கார்ந்து தைத்தேன்.

இந்தக் கடைசி வரியை மட்டும் எழுத வேண்டாம்.